மூன்றாவது சுரைக்குடுக்கை

எனக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். மூடி வைத்திருப்பதைக் கண்டால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. எண்ணூரில் எங்கள் தெருவில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது அந்த வீட்டுக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். "உன் மூக்கை ஒரு நாள் எவனாவது அறுத்துகினு போவப்போறான் பாரு" என்பார் நைனா. மூக்கு தப்பித்தது. ஆனால் அந்தப் பழக்கத்தால் ஒரு மாசி மாதத்தில், ஒரு மலை வீட்டில், நான் செய்துவைத்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

நாங்கள் உப்பளத்துக்காரர்கள். அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனாவும் நானும் அளத்தில் வேலை செய்தோம். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி, காயவிட்டு, பூத்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் குவிக்கிற வேலை. அந்த உப்பு மூட்டைகளை ரயில் வாகனில் ஏற்ற வந்தவர்தான் என் வீட்டுக்காரர். ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மலைமேல் ஊர் என்றார்கள். மலையிலிருந்து வந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லையா, விடுவேனா? "உங்க மலையில உப்பு எங்கேர்ந்து வருது?" என்று போய்க் கேட்டேன். "நீ வார்றதுதான் வருது" என்றார். அந்த ஒரு பதிலில் விழுந்தவள்தான் நான். நைனா மூன்று மாதம் முகத்தை முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, பிறகு அவரே தாலிக்குத் தங்கம் வாங்கி வந்தார். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது அப்போது.

கல்யாணமாகி எட்டாம் மாதம் ஒரு கார்டு வந்தது. மலையில் இருந்த அவருடைய அண்ணன் புளியமரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாராம். புளி உலுக்க ஆளில்லை, உழவுக்கு ஆளில்லை, உடனே வா என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கோ மாசியில்தான் உப்பு பூக்கத் தொடங்கும். நைனா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் "மொத மொத மாமியார் வூட்டுக்குப் போற. வெறுங்கையோட போனா நல்லாவா கீது? நம்மாண்ட இன்னா கீது? இதான் கீது" என்று, அந்த வருஷத்தின் முதல் பாத்தி உப்பில் அரை மூட்டை கட்டிக் கொடுத்தார். அந்த வீட்டில் மாமியாரும் மாமனாரும் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சம்பிரதாயம் சம்பிரதாயம்தானே.

ஜோலார்பேட்டையில் இறங்கி அடிவாரம் வரை ஒரு மாட்டு வண்டி. அதற்குமேல் காலே வண்டி. என் வீட்டுக்காரர் அரை மூட்டை உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, நைனாவை மனதாரத் திட்டிக்கொண்டே ஏறினார். "மலைக்கு உப்பு சொமந்து போற மொத மாப்ள நான்தான்டி." நான் பத்தடிக்கு ஒருதரம் நின்றேன். மூச்சு வாங்கியதால் பாதி, வேடிக்கை பார்த்ததால் பாதி. இலையே இல்லாத மரத்தில் சிவப்பாகப் பூ. அது என்ன மரம்? இலவம். இலை எங்கே போச்சு? கொட்டிருச்சு. பூவுக்கு முன்னால இலை வராதா? வராது. ஏன் வராது? அவர் மூட்டையைத் தலையிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டார். எதிர்ச்சரிவில் ஒரு காடே செக்கச்செவேல் என்று இருக்க, "யோவ், நெருப்பு! நெருப்பு!" என்று கத்திவிட்டேன். மேலேயிருந்து புளிக்கூடையோடு இறங்கிவந்த ஒரு கிழவர், "ஆமாம்மா, வருசா வருசம் மாசியில புடிக்கும். புரசம் பூ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவுக்குள் அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

வீட்டு வாசலில் எனக்கு முதல் வரவேற்பு கொடுத்தது ஒரு செம்பசு. நேராக வந்து என் காலை நக்க ஆரம்பித்தது. ஆளை விடாமல் கணுக்கால், முழங்கால், புடவைத் தலைப்பு என்று நக்கித் தள்ளியது. வருஷக்கணக்காக அளத்தில் நின்ற கால், எத்தனை கழுவினாலும் உப்பு போயிருக்காது போலிருக்கிறது. பசுவை விலக்கிவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனவள் என் ஓரகத்தி, அண்ணனின் பெண்டாட்டி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். நான் ஒரு நாளில் பேசுவதை அவள் ஒரு வருஷத்தில் பேசுவாள். அண்ணன் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை நீட்டிக்கொண்டு சுவரோரம் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் என் கண் மேலே போனது. புல் வேய்ந்த கூரை, அதன்கீழ் அடுப்புக்கு நேர் மேலாக மூங்கில் பரண், பரணின் விளிம்பில் கயிற்றில் கட்டித் தொங்கிய மூன்று சுரைக்குடுக்கைகள். இரண்டு புகையேறிக் கன்னங்கரேலென்று இருந்தன. வாயில் துணியடைத்துச் சாணியும் சாம்பலும் பூசியிருந்தது. மூன்றாவது புதுசு. வாய் திறந்தே கிடந்தது.

"அது இன்னா அக்கா?" என்றேன், உட்காருவதற்கு முன்பே.

அவள் சொன்னதை இப்போது என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த வீட்டில் அது வழக்கம். மருமகளாக வருகிறவள் தன் அம்மா வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி மொச்சை விதை கொண்டுவர வேண்டும். அது அவளுடைய குடுக்கையில் போகும். அவளே விதைத்து, அவளே பறித்து, அதில் நல்லதாகப் பொறுக்கி அவளே அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைப்பாள். வேறு கை படக் கூடாது. விதைக்கிற நாளுக்கு முன்னால் வாயைத் திறக்கவும் கூடாது. முதல் குடுக்கை மாமியாருடையது, அவர் போன பிறகு மூத்த மருமகள் கைக்கு வந்தது. இரண்டாவது ஓரகத்தியுடையது. மூன்றாவது, எங்கள் கல்யாணச் செய்தி வந்த அன்று எனக்காகவே காயவைத்துக் குடைந்தது.

"நீ என்னா கொண்ணாந்த?" என்றாள்.

"உப்பு" என்றேன்.

"உப்பு மொளைக்குமா?"

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்கும். அண்ணனும் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. தாயில்லாத பெண்ணிடம் அம்மா வீட்டு விதை எங்கே என்று கேட்டால் எப்படி இருக்கும்? "எங்களாண்ட உப்பு இல்லாட்டி உங்க மொச்சைய எவன் துன்னுவான்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மூட்டையைத் தொப்பென்று இறக்கினேன். அவள் மூட்டையை அவிழ்த்து, ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு மூட்டையை ஈரம் படாத இடமாகப் பார்த்து, பரண்மேல் ஏற்றிவைத்தாள்.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் வாசலைத் திறந்தால் எதிரே ஒன்றுமே இருக்காது. மாட்டுக் கொட்டகை இல்லை, மாமரம் இல்லை, வெறும் பனி. மாடு கனைக்கும், மணி அசையும், மாடு தெரியாது. கொஞ்ச நேரத்தில் வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். முதலில் மாட்டுக்குக் கொம்பு வருமா, முதுகு வருமா என்று நான் தினமும் நின்று பார்ப்பேன். ஓரகத்தி அதற்குள் சுனைக்குப் போய் இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்திருப்பாள். அடுப்பை அவள் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. அது அணைவதே இல்லை. ராத்திரி சாம்பலைப் போட்டு மூடுவாள், காலையில் கிளறி ஊதுவாள், அவ்வளவுதான். எண்ணூரில் சவுக்குச் சருகுக்கு நாங்கள் சண்டை போடுவோம். இங்கே தொடைத் தடிமனில் விறகு வாசலில் கேட்பாரற்றுக் கிடந்தது.

அதற்குப் பதிலாக உப்பு. களிக்கு அவர்கள் உப்பே போடுவதில்லை. குழம்புக்கு மட்டும் மூன்று விரலால் கிள்ளிப் போடுவாள். முதல் நாள் நான் என் வழக்கப்படி ஒரு கை அள்ளிப் போடப் போனேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அடிவாரத்துலேர்ந்து தலையில வருது புள்ள" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பகலில் அண்ணனைத் தவிர நாங்கள் எல்லோரும் புளியந்தோப்பில் இருப்போம். என் வீட்டுக்காரர் மரத்தில் ஏறி உலுக்குவார், நாங்கள் பொறுக்குவோம். மாம்பூ வாசனை தலையைச் சுற்றும், அதில் தேனீ மொய்த்துக்கொண்டு கிடக்கும். பலா மரத்தில் அடிமரத்திலேயே, மண்ணைத் தொடும் உயரத்தில், சுண்டுவிரல் அளவில் பிஞ்சு. அது எப்படி அங்கே வந்தது, யார் சொல்லி அங்கே காய்க்கிறது, மேலே காய்த்தால் என்ன என்று வீட்டுக்கு வந்தும் விடமாட்டேன். "இவளுக்கு ஒரு நாள் பதில் சொல்லணும்னா என் இன்னொரு காலும் ஒடையணும்" என்றார் அண்ணன். ஓரகத்தி மட்டும் எரிச்சல்படவே மாட்டாள். தெரிந்தால் ஒரு வார்த்தையில் சொல்வாள், தெரியாவிட்டால் "தெரியல, பாக்கணும்" என்பாள். அந்த "பாக்கணும்" எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் நல்ல பெண்ணாகத்தான் இருந்தேன். குடுக்கையைத் தினமும் அண்ணாந்து பார்த்ததைத் தவிர வேறு தப்பு செய்யவில்லை.

அன்றைக்குக் காலில் முள் ஏறி வீங்கியதால் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனையும் எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிப் போயிருந்தார்கள். வீட்டில் நான், கோழி, அடுப்பு. கூட்டினேன், மெழுகினேன், களிக்கு மாவு சலித்தேன். பிறகு குழம்புக்கு என்று பரண்மேல் இருந்த உப்பை எடுக்க ஏறியபோது ஓரகத்தியின் குடுக்கை என் தோளில் இடித்தது. இடித்ததா, இடிக்க வைத்தேனா என்று கேட்காதீர்கள். அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து மாவு மாதிரி என்னவோ உதிர்ந்தது. கூடவே ஒரு வண்டு, கடுகளவு, நிதானமாக வெளியே வந்து என் விரலில் ஏறியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டு விழுந்துவிட்டது! இவளுக்குத் தெரியவில்லை! திறக்கக் கூடாது என்று திறக்காமலே வைத்திருந்து எல்லாம் மாவாகப் போகப் போகிறதே! நான் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற பெருமை ஒரு பக்கம், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம் மறுபக்கம். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, சாக்குதான் பெரிசாக இருந்தது. சாணிப் பூச்சை உடைத்தேன், துணியைப் பிடுங்கினேன், முறத்தில் கொட்டினேன்.

கருநாவல் நிறத்தில், ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட மொச்சை. அவ்வளவு அழகான மொச்சையை நான் பார்த்ததில்லை. அதில் கால்வாசி ஓட்டை விழுந்திருந்தது.

எங்கள் ஊரில் எது கெடும் போலிருந்தாலும் அதற்கு ஒரே வைத்தியம்தான். மீனா, மாங்காயா, நெல்லிக்காயா, எலுமிச்சையா, உப்புத் தண்ணீரில் போடு, காயவை. வேறு யோசனையே எனக்கு வரவில்லை. நைனாவின் உப்பை மூன்று கை அள்ளிக் கரைத்தேன். பதம் பார்க்கக் கோழிமுட்டையைப் போட்டேன், மிதந்தது. மொச்சையைப் போட்டேன். ஓட்டை விழுந்ததெல்லாம் மேலே வந்தது, நல்லதெல்லாம் அடியில் தங்கியது. எவ்வளவு நேர்த்தி! வண்டுகள் ஒவ்வொன்றாகக் காலை உதைத்துச் செத்தன. மேலே மிதந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை நன்றாக ஊறவிட்டு, களி கிண்டி இறக்கியதும் வடித்து, முறத்தில் பரப்பி வாசலில் வெயிலில் வைத்தேன். வெயிலில் உப்பு பூத்து மின்னியது. அவள் வந்து பார்த்ததும் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு முன்னால் செம்பசு வந்தது. நான் உள்ளே தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் முறத்தை நக்கத் தொடங்கிவிட்டது. ஓரகத்தி புளிக்கூடையோடு வந்தவள், மாட்டை விரட்டிவிட்டு முறத்தைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். ஒரு விதையை எடுத்து நாக்கில் வைத்தாள். அன்று உப்புக் கல்லை வைத்துப் பார்த்தாளே, அதே மாதிரி.

"என்னா போட்ட?" என்றாள்.

"உப்புத் தண்ணி அக்கா. வண்டு வந்துகினு இருந்துச்சு, உனுக்குத் தெரில. எல்லாத்தையும் சாவடிச்சிட்டேன் பாரு!"

அவள் முறத்தின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். சத்தமே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பின்னால் வந்த என் வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெதைய உப்புல போடுவாளாடி ஒருத்தி? அது கருவாடா?" என்று கத்தினார். நானும் விடவில்லை. "வண்டு துன்னுட்டுப் போனா மட்டும் மொளைக்குமா? நல்லது செஞ்சவளுக்கு இதான் கூலியா?" என்று அவருக்கு மேல் கத்தினேன். ஓரகத்தி சண்டையில் சேரவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

எலும்பு கட்டுகிறவரிடமிருந்து திரும்பிய அண்ணன்தான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். "வண்டு எப்பவும் விழும்மா. அது தின்னது போவ மீதி மொளைக்கும். அதுக்குத்தான் கூடுதலா வெக்கிறது. அவ ஆத்தா வூடு அந்தப் பக்கத்துச் சரிவுல இருந்திச்சு. ஆத்தா போயிட்டா. அண்ணன் தம்பிங்க நெலத்தை வித்துட்டு எஸ்டேட்டு வேலைக்குப் போயிட்டானுங்க. அந்த வெதை வேற எங்கியும் கெடையாது. அவகிட்ட மட்டும்தான் இருந்திச்சு."

தாயில்லாத பெண் என்று எனக்கு நானே பரிதாபப்பட்டுக்கொண்டு வந்தேனே, அவளும் அப்படித்தான் என்று ஒரு தரம் கேட்டேனா? பலாப்பிஞ்சு ஏன் கீழே காய்க்கிறது என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு, "உங்க அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், என் காலிலிருந்த முள்ளை எடுத்து மஞ்சள் வைத்தாள், பேசவில்லை.

நல்ல விதை என்று நாற்பத்திரண்டு இருந்தது. அவள் அந்த முறத்தைத் தொடவே இல்லை. நான்தான் அதில் பத்தைச் சுனைத் தண்ணீரில் கழுவி, ஈரத்துணியில் முடிந்து, அடுப்போரம் வைத்தேன். ஒரு மணிக்கு ஒருதரம் பிரித்துப் பார்த்தேன். நான்காம் நாள் விதைகள் வழவழவென்று ஆகிவிட்டன. ஐந்தாம் நாள் நாறியது. துணியோடு எடுத்துப்போய்க் கொல்லையில் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் யோசனை வந்தது. உப்பைப் பற்றி இந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் பாத்தியில் வருஷம் முழுக்க ஒரு புல் முளைக்காது. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்து, நாலு நாள் தண்ணீர் நிற்காமல் ஓடினால், வரப்போரத்தில் பச்சை தட்டும். தேங்கின தண்ணீருக்கு அது வராது, ஓடுகிற தண்ணீருக்குத்தான் வரும். நான் வெறுமே கழுவினேன், ஓடவிடவில்லை. மீதி முப்பத்திரண்டையும் மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி, சுனைத் தண்ணீர் கல்லிலிருந்து விழுகிற இடத்தில் கட்டிவிட்டு, ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் காவல் இருந்தேன். அடிக்கடி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் கரிப்பு இல்லை. தண்ணீர் எடுக்க வந்த ஓரகத்தி என்னையும் பார்த்தாள், துணியையும் பார்த்தாள். குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் மண்ணைக் கொத்தி முப்பத்திரண்டையும் ஊன்றினேன். மொச்சை ஐந்து நாளில் வெளியே வரும் என்றார் அண்ணன். ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் என் வீட்டுக்காரர் மூட்டை கட்டினார். புளி முடிந்துவிட்டது, வாகன் வேலைக்குத் திரும்பாவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள்.

"கெளம்பு" என்றார்.

"வரல."

"பங்குனி வந்தாச்சு, உங்க நைனா ஒத்தையா வாருவாரு."

"வாரட்டும். மொளைக்கிறத பாக்காம நான் வரமாட்டேன்."

"மொளைக்கலைன்னா?"

நான் போய் அந்த மண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் தனியாக இறங்கிப் போனார். நானும் அவளும் ஒரே அடுப்பில், ஒரு வார்த்தை இல்லாமல். பனி குறைந்து, காலையிலேயே மாடு முழுசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. இலவம்பூ எல்லாம் உதிர்ந்து தரையில் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். இப்போது ஒரே கேள்விதான், அதையும் யாரிடமும் கேட்க முடியவில்லை. தினமும் விடிந்ததும் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் காலை ஓர் இடத்தில் மண் கீறியிருந்தது. விரல் நகத்தளவு கீறல். உள்ளே வளைந்த கழுத்து ஒன்று, வெளுத்த பச்சையில், தலையை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றது. "அக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் அண்ணன் காலை மறந்து எழுந்து, "ஐயோ" என்று திரும்பவும் உட்கார்ந்தார். அவள் ஓடிவந்தாள். மண்டியிட்டுக் குனிந்து, முகத்தை மண்ணோடு வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பதினேழு நாளைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"கோழியக் கட்டு."

ஓடிப்போய்க் கோழியைக் கட்டினேன். கட்டிக்கொண்டே ஓவென்று அழுதேன். கோழி பயந்துபோய்க் கத்தியது.

முப்பத்திரண்டில் ஐந்து வந்தது. ஒன்றை நத்தை தின்றது. நான் எண்ணூருக்கு இறங்கும்போது நான்கு கொடிகளும் என் இடுப்பளவுக்குக் குச்சியைப் பற்றியிருந்தன. ஓரகத்தி அடிவாரம் வரை கூட வந்தாள். என்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது, "காய்க்குமான்னு தெரியல, பாக்கணும்" என்றாள். மன்னித்தாளா, இல்லையா என்று அந்த முகத்திலிருந்து படிக்க எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் முழுக்க உப்பு வாரும்போதெல்லாம் அந்த நான்கு கொடியைத்தான் நினைத்தேன். கார்டு எழுதிக் கேட்கவும் பயம்.

அடுத்த மாசியில், முதல் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு காலையில், வரப்பின்மேல் நெடுநெடுவென்று ஓர் உருவம் நடந்துவந்தது. பின்னால் ஒரு காலைச் சற்றே சாய்த்து வைத்து அண்ணன். அவள் மலையை விட்டு அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தரம். என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. நேரே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இம்மாந் தண்ணியும் உப்பா?"

"ஆமாக்கா."

"யாரு போட்டது?"

"தெரிலக்கா."

"அலை ஏன் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போவுது? அந்தக் கப்பல் ஏன் நவுறாம நிக்குது? பாத்தியில ஓரத்துல மட்டும் ஏன் மொதல்ல பூக்குது?" நைனா பலகையை ஊன்றிக்கொண்டு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு போதாதுன்னு இன்னொண்ணா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் அடுப்புக்கு மேலே பார்த்தாள். கூரையில் ஒரு சட்டம் இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு, துணிமூட்டையை அவிழ்த்து, ஒரு சுரைக்குடுக்கையை எடுத்தாள். அந்த மூன்றாவது குடுக்கை. எனக்காகக் குடைந்தது. வாயில் துணியடைத்து, சாணியும் சாம்பலும் பூசி, ஓரம் சுத்தமாக வழித்திருந்தது. என் கையில் வைத்தாள். கனமாக இருந்தது. நான் அசைத்தேன், உள்ளே கலகலவென்றது.

"நாலும் காய்ச்சிச்சு" என்றாள். "பாதி என் குடுக்கையில போட்டேன். பாதி உனக்கு."

"எனக்கு எப்படிக்கா? அம்மா வூட்டு வெதை இல்ல வேணும்?"

அவள் கீழே குனிந்து, என் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த உப்பை ஒரு விரலால் தொட்டு எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"உப்பு மொளைக்குமான்னு உன்ன ஒரு நாள் கேட்டேன் இல்ல" என்றாள். "மொளைச்சிருச்சு."